சர்வர் அறைச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன்: வடசென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணடியின் கப்பல் ஏஜென்சிகள், மாதவரத்தின் சரக்குக் கிடங்குகள், மணலியின் தொழிற்சாலை அலுவலகங்கள் எல்லாவற்றிலும் சர்வர் அறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: சர்வர்களை அடுக்கும் இரும்புச் சட்டங்களான ரேக் இரண்டு, கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ் ஒன்று, ஸ்ப்ளிட் ஏசி இரண்டு. அம்பத்தூர், சிறுசேரி பக்கத்துப் பெரிய டேட்டா சென்டர்களின் வசதி இங்கே கிடையாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், மூத்தவர்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை இன்றும் செய்கிறார்கள். ஏசி ஃபில்டரைக் கழுவ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே சொல்லப்போவதில்லை.

சதுர அடி பார்த்து டன் போடுவது

படுக்கையறைக்குச் சதுர அடி சரி. சர்வர் அறைக்கு வாட் பார்க்க வேண்டும். சர்வர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வருகிறது. யுபிஎஸ் திரை 6 கிலோவாட் காட்டினால், 1 டன்னுக்கு 3.5 கிலோவாட் என்ற கணக்கில் 1.7 டன் போதும்போலத் தெரியும். போதாது. வீட்டு ஸ்ப்ளிட் ஏசி தன் திறனில் முக்கால் பங்கைத்தான் காற்றைக் குளிர்விக்கத் தரும், மீதி ஈரம் பிழியப் போய்விடும். மே மாதத்தில் மொட்டைமாடி அவுட்டோர் யூனிட் கொதிக்கும்போது அதுவும் குறையும். 6 கிலோவாட்டுக்கு 1.5 டன் ஏசி மூன்று மாட்டுங்கள். இரண்டு ஓடட்டும், ஒன்று முறைவைத்து ஓய்வெடுக்கட்டும்.

16 டிகிரியில் வைப்பது

சர்வரின் முகப்பில் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை, 16 தேவையே இல்லை. அப்படி வைத்தும் ரேக் சூடாகிறது என்றால், பெரும்பாலும் பின்பக்கச் சூடு காலி இடங்கள் வழியாக முன்பக்கம் சுற்றி வருகிறது. ரேக்கின் காலி இடங்களை மூடும் தகடான பிளாங்கிங் பேனலால் அவற்றை அடைத்துவிடுங்கள். முகப்பில் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்த பிறகு ரிமோட்டைத் தொடலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன்

அறை சூடாகிறது என்றதும் சுவரை உடைத்து 12 அங்குல ஃபேன் மாட்டிவிடுகிறார்கள். சமையலறைப் பழக்கம். இத்தனை வருடமாகியும் இதைப் பார்த்தால் பொறுக்க முடிவதில்லை.

ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வந்தே தீரும், கதவிடுக்கு வழியாக, கேபிள் துளை வழியாக, ஃபால்ஸ் சீலிங் வழியாக. அக்டோபரில் சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் காற்று 20 டிகிரியில் இருக்கும் உலோகத்தில் பட்டால் ஈரம் படியும். ஏசி அதைப் பிழிவதிலேயே திணறும், அறை இன்னும் சூடாகும். உடனே இரண்டாவது ஃபேன் மாட்டுவார்கள்.

சூட்டைவிடக் கேடு, அந்தக் காற்றோடு வருவது. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் உப்பு. மணலி, எண்ணூர் பக்கம் கந்தக வாயுக்கள். சாக்கடை ஓரமென்றால் ஹைட்ரஜன் சல்பைடு. போர்டிலுள்ள சின்ன ரெசிஸ்டர்களின் வெள்ளி முனையைக் கந்தகம் வெள்ளி சல்பைடாக மாற்றிவிடும், இணைப்பு அறுந்துபோகும். உடனே தெரியாது. மாதங்கள் கழித்து ஒரு மெமரி ஸ்லாட், பிறகு பவர் சப்ளை, பிறகு மதர்போர்டு. போர்டுதான் மட்டம் என்று மாற்றினால், புதியதும் அதே காற்றைத்தான் குடிக்கும். ஒரே சர்வருக்கு மூன்று போர்டு மாற்றிய பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்தவர்கள் உண்டு. அரிப்புக்கு வாரண்டி கிடைப்பதும் கடினம்.

சோதிப்பது எளிது. மூடிய கதவின் அடியிடுக்கில் டிஷ்யூ காகிதம் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் அறை வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. மினுக்கிய வெள்ளித் துண்டொன்றை ரேக்கில் தொங்கவிடுங்கள். ஒரே மாதத்தில் கறுத்தால் காற்றில் கந்தகம் இருக்கிறது. முறையாகச் செய்ய, செம்பு, வெள்ளித் தகடுகளை 30 நாள் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். காற்றின் அரிப்பை அளக்கும் ஐஎஸ்ஏ 71.04 தரப்படி, அரிப்பு மாதத்துக்குச் செம்பில் 300, வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமுக்குள் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) இருக்க வேண்டும்.

ஃபேனைக் கழற்றி ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசுங்கள். கேபிள் துளைகளைத் தீ தாங்கும் சீலன்ட்டால் அடைத்துவிடுங்கள். கதவடியில் பிரஷ் பட்டை. பழைய குளியலறையை மாற்றிய அறை என்றால் தரையில் தண்ணீர் இறங்கும் துளையான தரைப்பொறியைச் சிமெண்ட்டால் மூடுங்கள், அதில் தண்ணீர் வற்றினால் சாக்கடை வாயு நேரே மேலேறும். ஏசியின் வடிகுழாயையும் சாக்கடைக் குழாயில் சொருகாமல் திறந்த வெளியில் விடுங்கள்.

ஏசி நின்றுவிட்டால்? ஜன்னலைத் திறக்காதீர்கள். எந்தச் சர்வரை முதலில் அணைப்பது என்ற பட்டியலை முன்கூட்டியே கதவில் ஒட்டி வையுங்கள். பக்கத்து அலுவலகத்தில் ஏசி ஓடினால் அந்தக் கதவைத் திறந்து பெடஸ்டல் ஃபேன் வையுங்கள்.

ரேக்கின் தலைக்கு மேல் ஏசி

சொட்டும். நகர்த்துங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு

யுபிஎஸ் தயவில் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், ஏசி நின்றிருக்கும். கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ரீஸ்டார்ட் உள்ள ஏசியா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஜெனரேட்டரில் ஏசி இணைப்பு இருக்கிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்தே பாருங்கள். ஜெனரேட்டர் எடுத்த பிறகும் கம்ப்ரசர் தொடங்க 3 நிமிடம் ஆகும்.

தரைத்தளம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைநீர் வடசென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் நின்றது. முதல் மாடிக்குப் போங்கள், யுபிஎஸ் பேட்டரியையும் சேர்த்து.