ஜாஸ் எல்பி வாங்குகிறீர்களா? லேபிளோடு நின்றுவிடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். ஜாஸ் கேட்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. பையிலிருந்து டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் எல்பி ஒன்றை எடுத்து நீட்டி, "அண்ணே, ப்ளூ நோட் ஒரிஜினல். மூணு மாசம் காசு சேர்த்து வாங்கினேன்" என்றார். தட்டை உருவி விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். அது ஒரிஜினல் இல்லை என்று உடனே சொல்ல மனசு வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. தட்டும் அதேதான்.

எல்பியைப் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், பள்ளத்தில் விரல் வைக்காதீர்கள் என்பதையெல்லாம் எவரும் சொல்லிவிடுவார்கள். சொல்ல ஆளில்லாமல் காசு போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

லேபிளில் இருக்கும் முகவரியை நம்பிப் பணம் கொடுப்பது

ப்ளூ நோட் 1939-ல் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் லயன் தொடங்கிய சின்ன கம்பெனி. அதன் எல்பிகளின் நடுவே ஒட்டிய லேபிளில் அச்சிட்ட முகவரி காலத்துக்குக் காலம் மாறியது. லெக்சிங்டன் அவென்யூ, பிறகு 47 வெஸ்ட் 63, 1960களில் வெறும் 'நியூயார்க் யுஎஸ்ஏ'. புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது இந்த வரிசையைத்தான். வரிசை சரி. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

1965-ல் லிபர்ட்டி என்ற கம்பெனி ப்ளூ நோட்டை வாங்கியது. லயன் காலத்தில் தட்டுகளை அடித்துக் கொடுத்தது பிளாஸ்டிலைட் ஆலை. 1966-ல் அந்த வேலை வேறு ஆலைகளுக்குப் போனது. ஆனால் ஏற்கெனவே அச்சிட்ட லேபிள்களும் அட்டைகளும் கட்டுக்கட்டாக மீதி இருந்தன. அவற்றை யார் குப்பையில் போடுவார்கள்? தீரும்வரை புதுத் தட்டுகளுக்கும் அவற்றையே பயன்படுத்தினார்கள். ஆக, முகவரி பழையது, அட்டை பழையது, தட்டு மட்டும் பின்னால் வந்தது.

நான் வாங்கியது 4157 என்ற எண் கொண்ட மார்கன் எல்பி. 1963 டிசம்பரில் பதிவாகி, அடுத்த வருடம் வெளிவந்து, நன்றாக விற்றதால் திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டது. விற்றவர் அனுப்பிய படத்தில் 'நியூயார்க் யுஎஸ்ஏ' பளிச்சென்று தெரிந்தது. டெட் வாக்ஸில், அதாவது பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை இருக்கும் வழவழப்பான வளையத்தில், 'வேன் கெல்டர்' முத்திரையும் உண்டு என்று எழுதியிருந்தார். அது உண்மைதான். நான் பணத்தை அனுப்பிவிட்டேன்.

அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: பாட்டுப் பள்ளங்களை மூல லாக்கர் தட்டில் வெட்டியவர் ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர். அதிலிருந்து எடுத்த உலோக அச்சுகள் லிபர்ட்டி கைக்குப் போனபோது முத்திரையும் கூடவே போனது. தட்டை எப்போது அடித்தார்கள் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது காது.

பிளாஸ்டிலைட் தான் அடித்த தட்டுகளின் டெட் வாக்ஸில் ஒரு குறி போடும். சாய்வாகக் கிறுக்கிய ஆங்கில 'பி' எழுத்து, பார்க்கக் காது மடல் மாதிரி இருக்கும். அதனால் சேகரிப்பவர்கள் எல்லோரும் அதைக் காது என்றே சொல்கிறார்கள். அளவு ஒரு மிளகு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு தட்டை மெல்லத் திருப்பினால்தான் கண்ணில் படும். இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டு பக்கமும் இல்லை. ஆறு மாதம் ஒரிஜினல் என்று அலமாரியில் தனியாக வைத்திருந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். விற்றவருக்கு எழுதினேன். "லேபிளைப் பாருங்கள்" என்று ஒரு வரி பதில் வந்தது. கொடுத்த விலையில் கால்வாசிகூடப் பெறாத தட்டு. லேபிள் படத்தை மட்டும் போட்டு 'முதல் அச்சு' என்று விற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

காது இல்லாததெல்லாம் பிந்தைய அச்சு என்றும் சொல்லிவிட முடியாது. லயன் காலத்தில் பதிவாகி, லிபர்ட்டி வந்த பிறகு முதன்முதலாக வெளியான எல்பிகள் உண்டு. அவற்றுக்குக் காது இல்லாததுதான் முதல் அச்சு. வெளியான ஆண்டைப் பார்த்துவிட்டுத் தேடுங்கள். விற்பவரிடம் இரண்டு பக்க டெட் வாக்ஸுக்கும் படம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள்.

லிபர்ட்டி அச்சு மட்டமானது இல்லை. தம்பியின் தட்டை அன்றைக்கே போட்டுக் கேட்டோம். மார்கனின் டிரம்பெட் எதிரே நின்று ஊதுவது போல இருந்தது. அவர் கொடுத்த விலைதான் தவறு.

78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது

கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தப் பழைய தட்டு ஷெல்லாக், அதாவது அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரையும்.

கெட்டி பிவிசி உறை

வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் தட்டின்மேல் பனி படிந்தது போல ஒரு படலம் ஏறும். கழுவினாலும் போகாது. பாலிஎத்திலீன் உறை வாங்குங்கள்.

கைவேலையைப் போலி என்று ஒதுக்குவது

ஜாஸ் குழுத் தலைவர் சன் ராவும் ஆல்டன் ஆப்ரஹாமும் 1950களில் சிகாகோவில் எல் சாட்டர்ன் என்ற சொந்த இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார்கள். குழுவினரே அட்டையில் வண்ணம் தீட்டிக் கச்சேரியில் விற்றார்கள். ஒரே ஆல்பத்தின் இரண்டு பிரதிகள் இரண்டு விதமாக இருக்கும். சிலவற்றில் லேபிள் ஒன்றைச் சொல்லும், ஊசி வைத்தால் வேறொன்று கேட்கும். ஜெர்மனியில் சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மான் 1968-ல் தானே வெளியிட்ட தட்டு 300 பிரதிதான். பெரிய கம்பெனியின் வழவழ அட்டையை இவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதியிருந்த ஒரு சாட்டர்ன் தட்டை நான் கையில் எடுத்து, நம்பாமல் திரும்ப வைத்தேன். மறுவாரம் போனபோது அது இல்லை.

சமைக்கும்போது ஓட விடுவது

ஆல்பர்ட் அய்லர், கேரி பீகாக், சன்னி மர்ரே மூவரும் 1964 ஜூலை 10-ல் இஎஸ்பி-டிஸ்க் கம்பெனிக்காகப் பதிவு செய்த எல்பி அரை மணி நேரத்துக்கும் குறைவு. குக்கர் விசிலுக்கு நடுவே அதைப் போட்டு, "ஒரே இரைச்சல்" என்று விற்றுவிட்டவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போட்டுப் பழகிய கை இங்கே சமத்தை, அதாவது தாளம் தொடங்கும் அடியை, தேடும். டிரம்ஸ் வாசிக்கும் மர்ரே சமம் காட்டமாட்டார். அவருடைய சிம்பல் நிற்காமல் சலசலத்துக்கொண்டே இருக்கும். அதனால் முதல் தடவை பீகாக்கின் பாஸை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். இரண்டாம் தடவை சிம்பல். அய்லரின் சாக்ஸபோனை மூன்றாம் தடவை கேளுங்கள்.