ரவுட்டர் பெட்டிக்குள் பேட்டரி: வாங்குவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்

பெங்களூரில் ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் எங்காவது ஒரு மரம் ஒயர்மேல் சாயும், கரன்ட் போகும். லேப்டாப் பாட்டுக்கு ஓடும், இன்டர்நெட் மட்டும் இருக்காது. அதனால்தான் அல்சூரில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நம்மவர்கள் பலர் கரன்ட் போனதும் ரவுட்டரை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டியான மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி ரவுட்டர் பெட்டிக்குள் திணித்துவிடுகிறார்கள். அந்தத் திணிப்பில்தான் பாதித் தவறுகள் இருக்கின்றன.

முதலில் சூடு. புது ஃபிளாட்களில் சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். ஃபைபர் மோடம், இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரிக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், இரண்டு மூன்று அடாப்டர் எல்லாம் அதற்குள்தான். அவை இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறும். கதவைச் சாத்திவிட்டால் அது வெளியேற வழியில்லை. லித்தியம் அயான் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கரன்ட் திரும்பி வந்ததும் மினி யுபிஎஸ் ரவுட்டரையும் ஓட்டிக்கொண்டு தானும் சார்ஜ் ஏறும். அது அதிகம் சூடாவது அப்போதுதான். ‘பெங்களூர் குளிர்ச்சியான ஊர்தானே’ என்று சொல்லாதீர்கள். 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி பதிவானது.

ஒயர் முனையில் சென்சார் வைத்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மலிவாகவே கிடைக்கும். பேட்டரி வாங்குவதற்கு முன்பே அதைப் பெட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள். 40ஐத் தொட்டால் பேட்டரிக்கு அங்கே இடமில்லை. யுபிஎஸ்ஸை வெளியே வைத்து 12 வோல்ட் ஒயரை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். இரும்பின் விளிம்பு ஒயரை அறுக்காமல் இருக்க, துளையில் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸை அதே பெட்டியில் வைப்பது இன்னும் மோசம். அதற்குள் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும். ஓவர் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் வாயுவும் வெளியாகும். காற்றுப் புகாத பெட்டியில் அது தேங்கினால் ஒரு தீப்பொறி போதும். தவிர, 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் வழியாக மறுபடி 12க்கு இறக்கும்போது கணிசமான மின்சாரம் நடுவிலேயே வீணாகிறது.

அடுத்தது கணக்கு. அட்டையில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதாவது 10 ஆம்பியர் ஹவர். அதை 12 வோல்ட்டால் பெருக்கி 120 வாட் ஹவர், பத்து வாட் ரவுட்டர் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் என்று மனசு குளிர்ந்துபோகும். அந்த எண் வழக்கமாக 3.7 வோல்ட் செல்லுக்கானது. பெருக்கினால் 37 வாட் ஹவர்தான். வோல்ட்டேஜை ஏற்றுவதில் போவதைக் கழித்தால் முப்பது கைக்கு வரும், அதாவது மூன்று மணி நேரம். என்னைக் கேட்டால், அட்டையில் வாட் ஹவர் போடாத பொருளைத் திரும்ப ஷெல்ஃபிலேயே வைத்துவிடலாம்.

ஒயர் முனையில் இருக்கும் பின்னின் அளவைப் பார்க்காமல் செருகுவதும் உண்டு. வெளிவிட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர்தான், உள்துளை 2.1 ஆகவும் இருக்கும், 2.5 ஆகவும் இருக்கும். மாறினால் ஒன்று ஏறாது, இல்லை லூசாக நின்று ரவுட்டரை அடிக்கடி அணைத்துப் போடும். அடாப்டர் லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரை வட்டமும் வரைந்திருக்கும். பிளஸ் நடுவிலா வெளியிலா என்று அதில் தெரியும். 9 வோல்ட் ரவுட்டரில் 12ஐச் செருகிவிட்டு அப்புறம் வருந்திப் பயனில்லை. கேமராவுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட் அனுப்பும் ஸ்விட்ச் வைத்திருந்தால், பெரும்பாலும் அதற்கு 48 வோல்ட் வாக்கில் வேண்டும். 12 வோல்ட் யுபிஎஸ் அதற்கு உதவாது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நெட் வராமல் போகலாம். ஏனென்றால் நம் வீட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஃபைபர் நேராக வீட்டு மோடம் வரை வந்தால், வழியில் அதைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட் தேவையில்லை. ஆனால் பல அபார்ட்மென்ட்களில் மாடிப்படிக்குக் கீழேயோ மொட்டை மாடியிலோ ஒரு பெட்டி இருக்கும். ஃபைபர் அதோடு நின்றுவிடும், அங்கிருக்கும் ஸ்விட்ச்சிலிருந்துதான் வீடுகளுக்கு நீலக் கேபிள் இறங்கும். அது அணைந்தால் நம் ரவுட்டர் வைஃபை சிக்னலை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இன்டர்நெட் கம்பெனி லைன்மேனிடம், ‘அண்ணா, மேலே இருக்கிற ஸ்விட்ச்சுக்கு பேக்கப் இருக்கா?’ என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அசோசியேஷன் மீட்டிங்கில் பேசி, ஜெனரேட்டர் லைனில் இருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு பிளக் பாயின்ட் வாங்குவது தனித்தனியாகப் பத்து வீடு மினி யுபிஎஸ் வாங்குவதைவிட மலிவு. ஜெனரேட்டர் எழுந்திருக்கும் வரை தாங்க அங்கும் ஒரு சின்ன பேட்டரி வேண்டும். இல்லாவிட்டால் ஸ்விட்ச் அணைந்து மறுபடி எழும், உங்கள் மீட்டிங் அதற்குள் அறுந்திருக்கும்.

வைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் விடாதீர்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை, வேலை இல்லாத நாளில் பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓடியதில் பாதிக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பேட்டரி உப்பியிருந்தால் நேரம் பார்க்கவே வேண்டாம், அன்றைக்கே இணைப்பைக் கழற்றி, துளைக்காமல் நசுக்காமல் எரியக்கூடிய பொருள்களிடமிருந்து தள்ளி வையுங்கள். அதை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 அதைத் தனியாக ஒப்படைக்கச் சொல்கின்றன. மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.