பழைய சிற்பத்துப் போர்த்தேரைத் தாளில் வரைவது எப்படி?

பழகுவதற்கு 'உர் பதாகை'யை விடச் சிறந்தது கிடையாது. தெற்கு ஈராக்கில், உர் நகரத்து அரச கல்லறைகளில் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி 1920களில் தோண்டி எடுத்தது. ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமை. பெயர்தான் பதாகை; உண்மையில் சிப்பியும் நீலக்கல்லும் பதித்த, பெட்டி போன்ற பொருள். போர்க் காட்சி உள்ள பக்கத்தின் கீழ் வரிசையில் நான்கு வண்டிகள் ஓடுகின்றன.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கும் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் பேப்பரை ஒட்டுங்கள். 0.5 மைக்ரோ டிப் பென்சில் போதும். போனில் விரலால் வரைவதை நான் சொல்லவே மாட்டேன். கோடு எங்கே எதை மறைக்கிறது என்பது கைக்குப் பிடிபடாது.

படி 1: சக்கரத்தில் தொடங்குங்கள். ஆரக்கால் கிடையாது, கட்டைச் சக்கரம். பலகைகள் சேரும் கோட்டையும் விடாமல் வரையுங்கள்.

படி 2: மறைந்திருப்பதை எண்ணுங்கள். என்னை அதிக நேரம் உட்கார வைத்த இடம் இதுதான். வண்டி முழுக்கப் பக்கவாட்டில் காட்டப்படுகிறது. கண்ணுக்கு இரண்டு சக்கரம்தான் தெரியும், உண்மையில் நான்கு. விலங்கும் அப்படித்தான். ஒரே உடல் போல இருக்கும், ஆனால் முன்பக்கத்தில் கோடுகள் அடுக்கடுக்காக வரும். தலைகளை நிதானமாக எண்ணினால் நான்கு விலங்குகள் பூட்டியிருப்பது புரியும். முன்னால் நிற்பதை முழுசாக வரைந்துவிட்டு, மற்றவற்றுக்கு வெளிக்கோடு மட்டும் சேர்த்தால் போதும்.

அவற்றைக் குதிரையாக்கி விடாதீர்கள். சிரியாவின் உம் எல்-மர்ராவில் கிடைத்த எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள்: பெண் கழுதைக்கும் ஆண் சிரியக் காட்டுக்கழுதைக்கும் பிறந்த கலப்பினம். பதாகையில் இருப்பதும் அதே இனம் என்றே கருதப்படுகிறது. அந்த உழைப்பாளி விலங்குக்குரிய உருவத்தை அதற்குக் கொடுங்கள்.

படி 3: ஓட்டுபவர், பின்னால் ஆயுதத்தோடு வீரர். குளம்படியில் விழுந்து கிடக்கும் எதிரிகளைக் கடைசியில் வரையுங்கள்.

பின்சேர்க்கை: எகிப்தின் அபு சிம்பெல் கோயிலில் உள்ள காதேஷ் போர்ச் சிற்பத்தை (போர் நடந்தது கி.மு. 1274) வரைந்த சிலர், தேரில் ஒருவர்தானா என்று கேட்டிருந்தார்கள். எகிப்திய அரசன் இரண்டாம் ராம்சேஸ் தனியாக நின்று, கடிவாளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்பு விடுவது அரசனைப் பெருமைப்படுத்தும் மரபு. ஆள் கணக்குக்கு மற்ற தேர்களைப் பாருங்கள்: எகிப்தியர் தேரில் இருவர், எதிரிகளான ஹிட்டைட்டுகள் தேரில் மூவர்.

அப்புறம், அங்கே சக்கரத்துக்கு ஆறு ஆரக்கால். பாகைமானி வேண்டாம். வட்டம் போட்ட காம்பஸின் அகலத்தை மாற்றாமல் விளிம்பைச் சுற்றிக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆறு புள்ளிகளும் சரியாக விழும்.