"பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க": விபத்துக்குப் பிறகு வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

ராத்திரி பத்தரை மணி. அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவருக்குப் பேச்சே வரவில்லை. டியூட்டி டாக்டர் பேனாவைத் திறந்தபடி கூட வந்த நண்பரிடம் கேட்கிறார்: "எப்படி அடிபட்டுச்சு?" பதற்றத்தில் நண்பர் சொல்கிறார்: "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க." டாக்டர் அதையே ஆங்கிலத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்கிறார்.

நண்பர் பொய் சொல்லவில்லை. விழுந்தது உண்மைதான். பின்னால் வந்த லோடு வேன் இடித்ததால் விழுந்தார் என்பதுதான் அந்த வரியில் இல்லை. அந்தத் தாளின் பெயர் விபத்துப் பதிவேடு. ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் தேடுவது இதைத்தான். என் சித்தப்பா மகன் வழக்கில் அப்படித்தான் ஆனது. எஃப்.ஐ.ஆர். வேறு நாலு நாள் கழித்துப் பதிவாகியிருந்தது. "முதலில் தானாக விழுந்ததாகச் சொல்லிவிட்டு, நாலு நாள் யோசித்து வேனைக் கொண்டுவந்தீர்களா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது அவன் திணறிப்போனான். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் கூண்டேறிச் சொன்னதால் வழக்கு தப்பித்தது.

ஆகவே ஆஸ்பத்திரியில் யார் பேசினாலும் எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து வந்து இடித்தது, எத்தனை மணிக்கு, எந்த இடம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம்பர் தெரிந்தால் நம்பர். தெரியாவிட்டால் "நம்பர் பார்க்கவில்லை". பதிவேட்டில் தப்பாக எழுதியிருப்பது பிறகு தெரியவந்தால், போலீசில் கொடுக்கும் முதல் வாக்குமூலத்திலேயே அது எப்படி நேர்ந்தது என்று சொல்லிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, இல்லாததைச் சொல்வது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன்தான் ஓட்டினார் என்று மாற்றிச் சொல்லச் சொல்லும் 'அனுபவசாலி' ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். யாருக்கு எங்கே அடி என்பதே அந்தக் கதையைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்களிடம் லைசென்ஸ் இல்லையென்றால் அபராதம் உண்டு. அதனால் மட்டுமே இடித்த வண்டிக்காரர் தவறு இல்லாமல் போய்விடாது. ஹெல்மெட் போடாததும் அப்படித்தான். தலையில் அடி என்றால் தொகையில் கொஞ்சம் கழிக்கலாமே தவிர, வழக்கே இல்லை என்று ஆகாது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதை மட்டுமே வைத்து அவர்கள் மேலும் தவறு என்று சொல்லிவிட முடியாது என உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்தது ஸ்டேஷன். புகார் கொடுத்ததும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். பலர் அதையே வழக்குப் பதிவானதாக நினைத்து பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள். அது புகார் வாங்கிக்கொண்டதற்கான சீட்டு, அவ்வளவுதான். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். காயம்பட்டவர் ஐ.சி.யூ.வில் இருக்கிறார், எழுந்து வந்து புகார் கொடுப்பார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மனைவியோ தம்பியோ கொடுத்தால் போதும்.

சம்பவ இடத்தில் "ஆஸ்பத்திரி செலவை நான் பார்த்துக்கிறேன், கேஸ் வேணாம் சார்" என்று இடித்தவர் கையைப் பிடிக்கும்போது மனசு இளகத்தான் செய்யும். சிராய்ப்பு என்றால் சரி. உள்ளே எலும்பு விரிசல் விட்டிருப்பது மறுநாள் எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதற்குள் "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அவருடைய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும்பட்சத்தில் உங்களுக்குக் கொடுக்கப்போவது கம்பெனிதான், அவர் பாக்கெட் இல்லை. இதை இரண்டு பேருமே மறந்துவிடுகிறார்கள். வண்டி நம்பரை எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் விவரம் நின்ற இடத்திலேயே தெரியும்.

பைக்கை உடனே மெக்கானிக்கிடம் விட வேண்டாம். மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டிகளையும் பார்த்து அறிக்கை தர வேண்டும். நொறுங்கிய டெயில் லைட்டும் உள்ளே மடங்கிய பின் மட்கார்டும்தான் பின்னாலிருந்து இடித்தார்கள் என்பதற்குச் சாட்சி. அதை மாற்றிவிட்டால் சாட்சி குப்பைக்குப் போய்விடும். பெட்ரோல் பங்க், நகைக்கடை சிசிடிவி பதிவுகள் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். ஆகவே காயம்பட்டவர் குணமாகட்டும் என்று இராமல், வீட்டில் ஒருவர் அந்த வாரமே போய்க் கேட்க வேண்டும். தூக்கிவிட்டவரின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால், உதவி செய்தவரைக் கட்டாயப்படுத்திச் சாட்சியாக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின் கீழ் விதியே இருப்பதைச் சொல்லுங்கள்.

இனி கெடு. முன்பு இழப்பீட்டு மனுவுக்குக் காலவரம்பு இல்லாதிருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் நாள் கடத்தாதீர்கள். விபத்து உளுந்தூர்பேட்டையில், வீடு தென்காசியில் என்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே ஓட வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

பணத்தில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே இடித்த வண்டியின் இன்சூரன்ஸில் இருந்து படுகாயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் பெற 164-ஆம் பிரிவில் வழி உண்டு. கம்பெனியே முன்வந்து தரும்போது கசக்குமா? ஆனால் அந்த வழியில் வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். வயது 28, மாதம் 15,000 சம்பாதிக்கும் டைல்ஸ் மேஸ்திரி, முழங்கால் மடக்க முடியாமல் போய்விட்டது. உழைக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. அந்த வயதுக்கு வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 17. பெருக்கி வருவதில் 30 சதவீதம் எடுத்தால் 12,85,200 ரூபாய். வலி வேதனை, மருத்துவச் செலவெல்லாம் இதற்கு மேல்.

இந்தக் கணக்கு கைகூட இரண்டு தாள் வேண்டும். ஒன்று, வருமானச் சான்று. மேஸ்திரிக்கு சம்பள ரசீது இருக்காது. வங்கிப் பாஸ்புக், ஜிபே வரவு, நலவாரிய அட்டை, வேலை கொடுத்த கான்ட்ராக்டரின் சாட்சியம் எதுவானாலும் சேருங்கள். இன்னொன்று ஊனச் சான்று. டாக்டர் தருவது உடம்பின் சதவீதம். தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது தொழிலின் சதவீதம் என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டிவிட்டது. அதே முழங்கால் ஒரு கணக்காளருக்குச் சிரமம், குந்தி உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டுபவருக்குப் பிழைப்பே போச்சு. இதை வக்கீலிடம் விளக்கிச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வக்கீல் என்றதும் இன்னொன்று. வார்டுக்கே வந்து "நாங்க பார்த்துக்கிறோம், வர்றதுல இத்தனை பர்சன்ட்" என்று வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் புரோக்கர்களிடம் சிக்காதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கே விரோதம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.

யாரும் இடிக்காமல் மணலில் சறுக்கி விழுந்தால்? "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்குக் கட்டாயமான அந்த ஐந்து வருடம் மூன்றாம் நபருக்கானது, அதாவது உங்கள் வண்டியால் அடிபடும் வெளியாளுக்கானது, உங்களுக்கானது அல்ல. வெறும் அந்த பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்குக்கூட உங்கள் கம்பெனி தரவேண்டியதில்லை. உங்களுக்கென்று இருப்பது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு. அதுவும் மரணத்துக்கும் கை கால் போகும் அளவு ஊனத்துக்கும்தான். பல பாலிசிகளில் அது ஒரே வருடத்தில் முடிந்திருக்கும். பாலிசித் தாளில் அந்தத் தேதியைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாக லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம். போங்கள், பல வழக்குகள் அங்கே நல்லபடியாக முடிகின்றன. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. சித்தப்பா மகன் காலில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தது. கம்பெனி சொன்ன தொகையில் அது இல்லை. அந்த ஆபரேஷனுக்கு ஆகும் செலவை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த வாய்தாவுக்குப் போனான், தொகை கூடியது. அன்று சாயங்காலம் டீக்கடைக்காரருக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.