கோடைத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முக்கியமாக மக்காத எரு

போன வாரம், புதிதாகத் தோட்டம் போட்டிருக்கும் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். கத்திரி நாற்று நட்டுப் பத்து நாள்தான் ஆகிறது, இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது, தண்ணீர் போதவில்லையா என்று கேட்டார். நேரில் போய், செடி வளர்க்கும் பையின் மண்ணைக் கிளறி விரலை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது, மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. தண்ணீர் விட மறப்பது, நெருக்கி நடுவது போன்றவற்றைச் செடியே சொல்லிக் கொடுத்துவிடும், அவற்றை விடுங்கள். இது அப்படியில்லை.

மக்காத எருவைப் போடுவது

"இயற்கை உரம்தானே, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன?" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நானும் அப்படி நம்பித்தான் மூலையில் மூன்று வாரம் கிடந்த சாணத்தை, தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறதே என்று, பன்னிரண்டு பைகளில் கலந்து தக்காளியும் மிளகாயும் நட்டேன். ஒரு வாரத்தில் அத்தனையும் போயிற்று. மறுபடி நாற்று விட்டு அது நடும் பருவத்துக்கு வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது, அந்தக் கோடையில் வீட்டுக்குக் காயே இல்லை.

வெயிலில் கிடக்கும் சாணம் மக்குவதில்லை, காய்கிறது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும், ஈரம் போனதும் அவை வேலையை நிறுத்திவிடும். பார்வைக்கு மக்கிய எரு போலவே இருக்கும். அதைப் பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் நின்ற வேலை வேருக்குப் பக்கத்திலேயே மறுபடி தொடங்குகிறது, சூடு கிளம்பி அம்மோனியா வெளியேறி இளவேர் வெந்துபோகிறது. வைக்கோலோ மரத்தூளோ பாதி மக்கிய நிலையில் கலந்திருந்தால் இன்னொரு தொல்லை: மண்ணில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்களே முதலில் எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும், சத்துக் குறைவு என்று நினைத்து நாம் அதே எருவை இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவோம்.

போடுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். ஒரு கைப்பிடி எருவை நனைத்துச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்தால் மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். நெடி அடித்தால் இன்னும் ஆகவில்லை. அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்தில் மண்ணும் அந்த எருவும் சரிபாதி கலந்து கீரை விதை தூவுங்கள். முளைத்து நுனி கருகாமல் நின்றால் தைரியமாகப் போடலாம், அப்போதும் பையின் மண்ணில் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

குவியலை நிழலில் மூடி வையுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது, அந்த அளவு ஈரம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் தயாராகிவிடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? உரத்தை மட்டும் தனியாக எடுக்க முடியாது. நாற்றைப் பிடுங்கி வேறு மண்ணில் வைத்துவிட்டு, அந்தப் பையை ஈரம் காயாமல் ஒரு மாதமாவது நிழலில் போட்டு வையுங்கள். நண்பருடைய இருபது நாற்றில் ஏழு இப்படித்தான் பிழைத்தன.

மதிய வாட்டத்துக்குத் தண்ணீர்

பூசணியும் பீர்க்கும் இரண்டு மணி வெயிலில் இலையைத் தொங்கப் போடும், ஏனென்றால் வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை இழக்கிறது. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் செடிக்கு ஒரு குறையும் இல்லை. விடிந்தும் தொங்கிக்கொண்டிருந்தால் கவனியுங்கள், அதுவும் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்த பிறகு. ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும், அழுகிய வேரும் வாட்டமாகத்தான் தெரியும்.

வேப்பெண்ணெயை வெயிலில் அடிப்பது

இலை கருகும். பொழுது சாய்ந்த பிறகு, லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள்.

தக்காளிப் பூ உதிர்கிறது என்று உரம் போடுவது

வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ நிற்பது கஷ்டம். உரத்தால் அது மாறாது, நிழல்வலை கட்டுங்கள்.

மண்ணைத் திறந்து போடுவது

மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலையோ வைக்கோலோ, மூன்று அங்குலம், தண்டை ஒட்டாமல்.