எடையைக் குறைக்கிறேன் என்று வீட்டைப் படுத்தாதீர்கள்

போன வருடம் ஜனவரியில் என் எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். நம்மைப் போன்ற தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை நாற்காலிதான். வீட்டில் அம்மா, மனைவி, எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன்.

முதல் முயற்சி நாற்பது நாளில் நின்றுபோனது. இரண்டாவது முயற்சியில் பதினொரு மாதத்தில் எட்டு கிலோ குறைந்தது. முதல் தடவை என்னென்ன தவறு செய்தேன், இங்கே சுற்றியிருக்கிறவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தனிச் சமையல். "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து என் மனைவி எழுந்தது விடியற்காலை 4:45-க்கு. ஜனவரி மாதம் இங்கே குழாய்த் தண்ணீர் கையில் பட்டால் விரல் மரத்துப்போகும். அந்தக் குளிரில் எனக்குக் கோதுமை ரவை உப்புமா, பிள்ளைகளுக்கு இட்லி, அம்மாவுக்குக் கஞ்சி. இருபதாவது நாள் அவள் சட்னியை என் தட்டில் வைக்கும்போதுதான் பார்த்தேன், விரல் முட்டியெல்லாம் வெடித்திருந்தது. "உங்களுக்கு ஒரு அடுப்பு, பிள்ளைங்களுக்கு ஒரு அடுப்பு, அத்தைக்கு ஒரு அடுப்பு. எனக்கு எப்பங்க விடியும்?" என்று கேட்டாள். சண்டை போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். என் எடை குறைய வேண்டிய வேலையை முழுசாக அவள் தலையில் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த தடவை தனிச் சமையல் இல்லை. எல்லாருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல். மாற்றியது அளவையும் பரிமாறும் வரிசையையும் மட்டும். சாம்பாரில் காய் இரண்டு மடங்கு போட்டோம். பீன்ஸ், நூல்கோல், முட்டைக்கோஸ் எல்லாம் நம் ஊரிலேயே விளைகிறது, மார்க்கெட்டில் வாடாமல் கிடைக்கிறது. தட்டில் முதலில் காயும் பருப்பும், அப்புறம்தான் சோறு. எனக்கு இரண்டு கரண்டி, வளரும் பிள்ளைகளுக்கு அவர்கள் வயிறு கேட்கிற அளவு.

எண்ணெயை ஸ்பூனால் அளக்கச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. நாங்கள் மளிகைச் சீட்டைப் பார்த்தோம். ஐந்து பேருக்கு மாதம் ஐந்து லிட்டர். வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி. அதை மூன்று லிட்டராக்கினால் 20 மில்லி. இந்த வித்தியாசம் மட்டுமே ஆளுக்கு நாளைக்கு 100 கலோரிக்கு மேல் வரும். மூன்று லிட்டர்தான் வாங்குவது, தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று வைத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்குக் கொழுப்பு தேவை, அதைக் குறைக்கக் கூடாது. அவர்களுக்கு முட்டை, பால், வேர்க்கடலை தனியாகப் போகிறது. அதற்குத் தனி அடுப்பு வேண்டியதில்லை.

சாப்பாட்டில் இன்னும் இரண்டு தவறுகள் இந்த மலையில் நிறைய நடக்கின்றன. ஒன்று, உருளைக்கிழங்கைக் காய் என்று கணக்கில் சேர்ப்பது. சோற்றுக்கு உருளை வறுவல் தொட்டுக்கொண்டால் மாவுச்சத்துக்கு மாவுச்சத்துதான் துணை. இன்னொன்று, சாமை சாப்பிட்டால் இளைத்துவிடும் என்ற நம்பிக்கை. படுகர் வீடுகளில் காலங்காலமாகப் புழங்கிய தானியம் அது, நல்ல தானியம், நார்ச்சத்து கூடுதல், வயிறு நிற்கும். ஆனால் சமைக்காத சாமையும் அரிசியும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான், 100 கிராமுக்கு 340, 350 என்று வரும். சாமைதானே என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை குறையாது.

அப்புறம் டீ. குளிருக்கு டீ குடிக்காதே என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஒரு நாள் மட்டும் எண்ணிப் பாருங்கள். எனக்கு ஆறு வந்தது. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்றால் 60 கிராம், 240 கலோரி. பால் கணக்கு தனி. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வழிகாட்டுதலின்படி, நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. 75 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் சமதரையில் வேகமாக நடந்தால் செலவாவது 130, 150 கலோரிதான். அப்படியென்றால் இந்தச் சர்க்கரையைக் கரைக்கவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் நான்கு நாள்கூடத் தாங்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை ஸ்பூன் குறைத்தேன், நாக்கு பழகிக்கொண்டது. இப்போது அரை ஸ்பூனில் நிற்கிறேன்.

டீயோடு கடித்துக்கொள்ளும் மொறுமொறு வர்க்கியை விடச் சொல்லி எழுத எனக்கு மனசு வரவில்லை. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நம் மண்ணின் பண்டம். ஆனாலும் அது மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும்தான். பாக்கெட்டை மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு பேசினால் எத்தனை போகிறது என்றே தெரியாது. சின்னத் தட்டில் இரண்டு எடுத்து வைத்துவிட்டுப் பாக்கெட்டைக் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.

இப்போது நடைப்பயிற்சிக்கு வருகிறேன். சமவெளியில் எழுதுகிறவர்கள் காலை ஐந்து மணிக்கு நடக்கச் சொல்வார்கள். அதை அப்படியே இங்கே செய்வது ஆபத்து. குன்னூர், கோத்தகிரி பக்கம் விடிவதற்கு முன்னால் தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டுமாடும் கரடியும் நடமாடுவது இங்கே எல்லாருக்கும் தெரியும், சிறுத்தையும் வரும். பனிமூட்டத்தில் காட்டுமாடு நின்றால் பத்தடி தூரத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். முதல் முயற்சியில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு நாள் எதிரே வந்த பால்காரர் கையை ஆட்டிக் கத்தியதைப் பார்த்துத்தான் நின்றேன். வளைவில் மூன்று மாடுகள். அன்றோடு இருட்டு நடையும் காதில் பாட்டும் போயின. விலங்கு மட்டுமல்ல, குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் வெயில் வந்த பிறகு நடப்பதே நல்லது. வீட்டுக்குள்ளேயே ஐந்து பத்து நிமிடம் கை கால் அசைத்து உடம்பைச் சூடாக்கிவிட்டு வெளியே போங்கள். குளிரில் தாகமும் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம்.

உடற்பயிற்சிக்கென்று வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தைத் திருட வேண்டும் என்று நினைப்பதும் தவறு. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 150 நிமிடத்தைத் துண்டு துண்டாகவே சேர்க்கலாம். மகனைப் பள்ளி பஸ் ஏற்றிவிட எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட ஏற்றம். முன்னால் ஸ்கூட்டரில் விடுவேன், இப்போது நடக்கிறோம். வகுப்பில் நடந்த கதையெல்லாம் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் எனக்குத் தெரிய வருகிறது. சனிக்கிழமை குன்னூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு மவுண்ட் ரோடு வழியாக பெட்ஃபோர்ட் வரை பையோடு ஏறுகிறேன். மூச்சு வாங்கும், பேச முடியும், ஆனால் பாட முடியாது. அந்த வேகம் சரியான வேகம்.

மலையில் இறக்கத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஏறினால் மூச்சுத்தான் வாங்கும், முழங்கால் போவது இறங்கும்போதுதான். தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, அதனால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கிறது. எடை கூடியவர்கள் முதல் மாதம் ஏற்றம் நடந்து ஏறி, இறக்கத்துக்கு பஸ்ஸில் வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நடந்து இறங்கினால் காலடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியைப் பூட்டாதீர்கள். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரப் பாசிப் படியில் இறங்கவே வேண்டாம்.

மழைக்கு ஒரு ஏற்பாடு இல்லாமல் தொடங்குவதும் தவறு. அக்டோபர், நவம்பரில் இங்கே நாள் கணக்காகக் கொட்டும். அப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, வாசற்படி ஏறி இறங்குவது போதும். தசைப் பயிற்சிக் கணக்கும் அதிலேயே சேரும்.

ஒருவர் டயட் இருந்தால் அது அவரோடு நிற்காது. என் மனசை அதிகம் வருத்திய விஷயம் இதுதான். முதல் முயற்சியில் கண்ணாடி முன்னால் நின்று தொப்பையைப் பிடித்துப் பார்த்து "அசிங்கமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரே ஒரு இட்லியோடு எழுந்தாள். எப்போதும் நான்கு சாப்பிடுகிற பெண். ஏம்மா என்று கேட்டதற்கு, "எனக்கும் தொப்பை இருக்குப்பா" என்றாள். பதின்மூன்று வயசு, எலும்பும் உயரமும் வளர்கிற வயசு. அன்றிலிருந்து வீட்டில் குண்டு, ஒல்லி, அசிங்கம் என்ற பேச்சே கிடையாது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அது குறையணும், அதற்காக நடக்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். பழைய நான்கு இட்லிக்குத் திரும்ப அவளுக்கு இரண்டு மாதம் ஆனது.

அம்மா சர்க்கரை மாத்திரை போடுகிறவர். நான் ராத்திரிச் சாப்பாட்டை விட்டதும், "நீ சாப்பிடாம எனக்கு மட்டும் எதுக்கு கண்ணு" என்று அவரும் விட்டுவிட்டார். மாத்திரையை மட்டும் விடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரை 58 காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் யாரும் அவரைப் பட்டினி இருக்க விடாதீர்கள்.

எடை மிஷின் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிருக்காக விரித்த கார்ப்பெட் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும், வெறும் தரையில் வையுங்கள். ஸ்வெட்டரோடு ஏறாதீர்கள். நீர்ச்சத்து மாறுவதால் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம், வாரத்துக்கு ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். மாதம் இரண்டு கிலோ வரை குறைந்தால் அது நல்ல வேகம். ஏப்ரல், மே சீசனில் கீழேயிருந்து சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், விருந்தும் சாக்லேட்டும் இருக்கும். அந்த இரண்டு மாதம் எடை ஏறாமல் இருந்தாலே எனக்குப் போதும் என்று வைத்திருந்தேன், அப்படியே நின்றது.

கடைசியாக ஒன்று. சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுகிறது, எப்போதும் அசதி, மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்கவில்லை. இப்படி யாராவது சொன்னால் "ஊட்டிக் குளிர் அப்படித்தான்" என்று நாம் தள்ளிவிடுகிறோம். கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா மே மாதம் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தார். இரண்டு வருடம் நாங்கள் யாருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் தைராய்டு பார்த்தபோதுதான் குறைவு என்று தெரிந்தது. இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அதைப் போட்டபின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் டீ குடிக்கக் கூடாது, குடித்தால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. கண் விழித்ததும் டீ கேட்கிற ஊரில் அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்குக் கஷ்டம். அதனால் மச்சானும் அந்த நேரம் டீ குடிப்பதில்லை. ஏழு மணிக்கு அவரே அடுப்பைப் பற்றவைத்து இரண்டு டம்ளராகப் போட்டுக் கொண்டுவருகிறார்.