முதன்முதலாக ஜப்பானிய ஆர்.பி.ஜி. விளையாடுகிறவர்களுக்கு: குரோனோ ட்ரிகரைத் தொடங்கும் முறை

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியில் சுடும் விளையாட்டுகளும் கிரிக்கெட்டும் ஆடிப் பழகியவர்கள். நானும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவன்தான். ஜப்பானிய ஆர்.பி.ஜி. எனப்படும் பாத்திரமேற்று விளையாட்டை அண்மையில்தான் முதன்முதலாகத் தொட்டேன். இப்போது விட மனமில்லை. ஆனால் என்னிடம் கேட்டு வாங்கித் தொடங்கிய சிலர் முதல் சண்டைகளோடு நிறுத்திவிட்டார்கள். விசாரித்தால் எல்லோருமே ஒரே இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கணக்கு திறப்பது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

எந்த விளையாட்டு?

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது குரோனோ ட்ரிகர் ஒன்றைத்தான். 1995இல் ஸ்குவெயர் நிறுவனம் சூப்பர் ஃபமிகொம் விளையாட்டு இயந்திரத்துக்காக வெளியிட்டது. ஃபைனல் ஃபேன்டசியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியும் டிராகன் குவெஸ்டை உருவாக்கிய யூஜி ஹோரீயும் இதில் ஒன்றுசேர்ந்தார்கள். பாத்திரங்களை வரைந்தவர் அகிரா தொரியாமா. போட்டியாளர்களாக இருந்த இரண்டு பெரும் தொடர்களின் மூளைகள் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை என்பது விளையாடும்போது நன்றாகவே தெரிகிறது.

பெயர் பெற்ற புதிய ஆர்.பி.ஜி.க்கள் பல, கதையை முடிக்கவே 60, 70 மணித்தியாலம் கேட்கும். இதை ஏறக்குறைய 25 மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். எதிரிகள் கண்ணுக்குத் தெரியும்படி நிலத்தில் உலாவுகிறார்கள், பழைய ஆர்.பி.ஜி.க்களில் நடப்பதுபோல் எங்கிருந்தோ திடீரென்று பெரும்பாலும் பாய்வதில்லை. சண்டையும் நீங்கள் நிற்கும் அதே இடத்தில் நடக்கிறது, வேறு திரைக்கு மாறுவதில்லை. தனியாகக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத பழைய மடிக்கணினியிலும் ஓடும். பதிவிறக்கமும் இன்றைய பெரிய விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. உங்கள் இணையப் பொதியில் நள்ளிரவுத் தரவு தனியாக இருந்தால் அந்த நேரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

வாங்குவது

இலங்கைக் கணக்குகளுக்கு ஸ்டீம் அமெரிக்க டொலரில் விலை காட்டும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும்; பல அட்டைகளில் அது மூடியே இருக்கும். வங்கிக்குச் சொல்லித் திறந்துகொள்ளுங்கள். நாணய மாற்றுக்கான கழிவையும் வங்கி சேர்த்தே எடுக்கும். அவசரமில்லை என்றால் கோடைகால, குளிர்கால மலிவு விற்பனைகளுக்குக் காத்திருங்கள்.

பென்டிரைவில் ஏற்றித் தரும் பிரதிகள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2018 பெப்ரவரியில் கணினிப் பதிப்பு வந்தபோது எழுத்துருவும் படங்களும் மெனுவும் அலங்கோலமாக இருந்தன. அதன்பின் வந்த திருத்தங்கள்தான் அதை மனிதர் விளையாடக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தன. பழைய பிரதி கையில் கிடைத்தால் அந்த அலங்கோலத்தையே ஜப்பானியக் கலை என்று எண்ணிவிடுவீர்கள்.

திறந்தவுடன் அமைப்புகளுக்குப் போய்ப் படத்தை மூல வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மழுப்பிய வடிவத்தில் தொரியாமாவின் கோடுகள் செத்துவிடுகின்றன. காதில் ஹெட்போன் மாட்டுங்கள். யசுனோரி மித்சுதா தன் உடல்நலம் கெடும்வரை உழைத்து எழுதிய இசை இது. அவர் நோயுற்ற பிறகு மீதியில் நொபுவோ உயெமட்சு கைகொடுத்தார். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பாதிகூடக் காதில் விழாது.

விழாவில் ஓடாதீர்கள்

கதை நாயகன் குரோனோவின் படுக்கையறையில் தொடங்குகிறது. கீழே வந்ததும் அம்மாவோடு பேசுங்கள். செலவுக்குப் பணம் தருவார். பிறகு கார்டியா இராச்சியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழா. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் நாம் வாசலில் கும்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்குத் திரும்புவதில்லை. கச்சான் கடை, வளையல் கடை, தெரிந்த முகங்கள் என்று சுற்றிவிட்டுத்தான் வருகிறோம். இங்கேயும் அப்படியே சுற்றுங்கள். எல்லோரோடும் பேசுங்கள். கேட்டோ என்ற பாடும் இயந்திரத்தோடு மோதிப் பாருங்கள். சண்டை பழகுவதற்குத் தோதான இடம் அதுதான்.

மணிக்கூண்டருகே ஒரு பெண் உங்கள்மீது மோதி விழுவாள். அவளுடைய பதக்கமும் தெறித்து விழும். முதலில் அவளிடம் போங்கள், பதக்கம் பிறகு. மற்றவர்களின் சாப்பாட்டைத் தொடாதீர்கள். பூனையைத் தேடும் சிறுமிக்கு உதவுங்கள். ஏன் என்று சொல்ல மாட்டேன். இந்த விழாவில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் பிறகு ஒரு முக்கியமான இடத்தில் உங்களிடம் திரும்பி வரும்; அந்தக் காட்சியில் நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றேன். 1995இல் ஒரு விளையாட்டு இப்படி யோசித்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

உரையாடல்கள் தாமாக ஓடிவிடாது. நீங்கள் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரி வரும். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் நிதானமாகவே வாசிக்கலாம். பக்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்து ஊர், ஆள், ஆண்டு மூன்றையும் குறித்துவாருங்கள். கதை கி.பி. 1000, 600, 2300 என்று மாறிமாறிப் போகும். டைனசோர் காலத்துக்கும் போகும். கொப்பி இல்லாமல் சமாளிக்கலாம்தான், ஆனால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் ஒன்றும் நினைவிருக்காது.

எல்லோரும் தடுக்குகிற இடம்: ‘வெயிட்’

சண்டையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை நிறைந்துகொண்டே வரும். நிறைந்தவுடன் அடி, டெக் (சிறப்புத் தாக்குதல்), பொருள் என்று தெரிவுகள் வரும். நீங்கள் யோசித்துக்கொண்டு நின்றால் எதிரி நிற்க மாட்டான். அவனுடைய பட்டையும் நிறைந்து அடி விழும். முறைவைத்து ஆடும் சதுரங்கம் என்று எண்ணி வருகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

மெனுவில் சண்டை முறைக்கு ‘ஆக்டிவ்’, ‘வெயிட்’ என இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. புதியவர்கள் வெயிட்டையே வையுங்கள். சண்டை வேகத்தையும் மெதுவான பக்கத்துக்குத் தள்ளுங்கள். இதுவரை எல்லோரும் சொல்வதுதான். எனக்கு விளங்க நேரமெடுத்தது இதற்குப் பிறகுள்ள பகுதி. என் அக்காவின் மகனும் இதையேதான் கேட்டான்: “மாமா, வெயிட்டில் வைத்த பிறகும் அடிக்கிறானே?”

அடிப்பான். வெயிட்டில் வைத்தாலும் முதல் தெரிவுப் பெட்டி திறந்திருக்கும்போது நேரம் ஓடிக்கொண்டேயிருக்கும். டெக் பட்டியலுக்குள்ளோ பொருள் பட்டியலுக்குள்ளோ நுழைந்த பிறகுதான் நேரம் நிற்கும். ஆகவே பட்டை நிறைந்ததும் முதலில் டெக் பட்டியலைத் திறந்துவிடுங்கள். அங்கே நின்றுகொண்டு ஆறுதலாக யோசியுங்கள்: யாருடைய உயிர்ப்புள்ளி குறைந்திருக்கிறது, எந்த எதிரி எங்கே நிற்கிறது, யாருக்கு மருந்து. முடிவெடுத்ததும் பட்டியலிலிருந்து வெளியே வந்து அடியுங்கள், அல்லது அங்கிருந்தே டெக்கைத் தெரிவுசெய்யுங்கள்.

கி.பி. 600க்குப் போனதும் மலைப்பாதையில் நீலக் குட்டிச்சாத்தான்கள் எதிர்ப்படும். அங்கிருந்தே இதைப் பழகுங்கள். சிறிது நேரத்தில் குரோனோவுக்கு ‘சைக்ளோன்’ என்ற டெக் கிடைக்கும். சுழன்று வெட்டும், குறிவைத்தவனுக்கு அருகில் நிற்பவர்களையும் சேர்த்தே வெட்டும். சண்டை நடக்கும்போது எதிரிகள் இடம் மாறிக்கொண்டிருப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். விலகி நிற்கும்போது சைக்ளோனை வீசினால் ஒருவனுக்குத்தான் விழும். கொஞ்சம் பொறுத்திருந்தால் இரண்டு பேர் நெருங்கி வருவார்கள். அந்த நொடியில் விட்டுப் பாருங்கள். இந்த விளையாட்டின் சண்டைச் சுவை முழுவதும் அந்தப் பொறுமையில் இருக்கிறது.

குரோனோவின் தோழி லூக்கா சேர்ந்த பிறகு இன்னொரு கதவு திறக்கும். அவளுடைய தீயும் குரோனோவின் சுழற்சியும் சேர்ந்து ஒரே கூட்டு டெக்காக மாறும். அதற்கு இருவருடைய பட்டையும் நிறைந்திருக்க வேண்டும். ஒருவரை அடிக்கவிடாமல் நிறுத்திவைக்கவும் வேண்டும். தேவாலயத்தில் ஃப்ரொக் என்ற தவளை வீரன் சேர்ந்ததும் அவனுக்கும் குரோனோவுக்கும் இடையே ஒரு கூட்டு வெட்டு உண்டு. அங்குள்ள யாக்ரா என்ற பெரிய எதிரியைத் தனித்தனி அடிகளால் கரைக்க முயலாதீர்கள், கூட்டு டெக்குகளை நம்புங்கள்.

சேமிப்பது

உலக வரைபடத்தில் எங்கு நின்றும் சேமிக்கலாம். கட்டடங்கள், காடு, குகைகளுக்குள் மின்னும் புள்ளிகளில் மட்டுமே முடியும். தானியங்கிச் சேமிப்பும் இருக்கிறது, ஆனால் மின்வெட்டுள்ள ஊரில் அதை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள். 2022இல் 13 மணித்தியாலம்கூட மின்சாரம் இல்லாதிருந்த நாடு இது. மின்னும் புள்ளியைக் கண்டால் உடனே சேமியுங்கள், இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் சேமியுங்கள்.

பின்சேர்க்கை

இதை வாசித்துத் தொடங்கியவர்கள் கேட்டவை.

மலிவான யூ.எஸ்.பி. கொன்ட்ரோலரை விளையாட்டு அடையாளம் காணவில்லை என்று சிலர் சொன்னார்கள். ஸ்டீமின் அமைப்புகளில் கொன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ‘ஸ்டீம் இன்புட்’டைச் செயற்படுத்துங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சில கொன்ட்ரோலர்களில் நடுவிலுள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் எக்ஸ்பாக்ஸ் முறைக்கு மாறும், அதையும் முயலுங்கள். நான் வயர் உள்ள கொன்ட்ரோலரையே விரும்புகிறேன். பற்றரி தீர்ந்துவிடும் என்ற கவலை இல்லை.

கைத்தொலைபேசியில் விளையாடலாமா? விளையாடலாம், கதை அதேதான். ஆனால் கண்ணாடியில் விரல் தேய்த்து நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எதிரிகளின் நிலையைப் பார்த்து நொடி தவறாமல் டெக் விடுவதும் அதில் கடினம். அதில் சேமித்ததைக் கணினிப் பதிப்புக்குக் கொண்டுபோக முடியாது. எனவே எதில் விளையாடுவது என்பதைத் தொடங்குமுன்பே தீர்மானித்துவிடுங்கள்.

டைனசோர் காலத்தில் எதிரிகளின் தோல் இரும்பாக இருக்கிறது, அடி ஏறவில்லை என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். முதலில் மின்னல் மந்திரத்தை ஏவுங்கள். டைனசோர்களின் தற்காப்பு அதனால் குறையும். பிறகு வாளால் வெட்டுங்கள். அந்தக் கட்டத்தில் மின்னல் குரோனோவின் கையில்தான் இருக்கும், ஆகவே அவருடைய மந்திரப்புள்ளிகளை வழியிலேயே செலவழித்துவிடாமல் அங்கே போங்கள்.